சப்பைச் சிங்கி பாறையில் ஏன் கிடைப்பதில்லை?

பிப்ரவரி 9, இரவு 9.40 – கேள்வி

சிங்கி இறால் என்றாலே பாறை இடுக்குதானே? பார் எனும் கடலடிப் பாறைத்திட்டின் ஓரமாக முக்குளித்தால் முள்ளுச் சிங்கி கண்ணில் படுகிறது. இந்தத் தட்டையான சப்பைச் சிங்கி ஒன்றுகூடக் காணோம். விசைப்படகு மடியில், அதாவது இழுவலையின் மீன் சேரும் பையில் மட்டும் வருகிறது. பாறைக்குள் இன்னும் ஆழமாகப் போய் ஒளிகிறதா? உயிரோடு இரண்டு வாங்கித் தொட்டியில் விட்டிருக்கிறேன். தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். கல் அடுக்கிக் குகை கட்டிக் கொடுத்தேன். உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. இரண்டும் மூலையில் கண்ணாடியை முட்டிக்கொண்டே கிடக்கின்றன. என்ன தப்பு?

பிப்ரவரி 9, இரவு 11.15

குகைதான் தப்பு. கல்லை முழுக்க எடுத்துவிட்டு மணல் போடுங்கள்.

சிங்கி என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் இது. முள்ளுச் சிங்கி ஒரு குடும்பம், சப்பைச் சிங்கி வேறு குடும்பம். முன்னதற்கு நீண்ட உணர்கொம்பு உண்டு. பின்னதற்கு அதே உணர்கொம்பு அகலத் தகடாக மாறி, முகத்துக்கு முன்னால் கரண்டி போல நிற்கிறது. நம் கரையில் மடியில் வரும் சப்பைச் சிங்கியான தீனஸ் ஓரியென்டாலிஸ் பாறையை நாடுவதே இல்லை. அதன் வீடு மணலும் மணல் கலந்த சேறும் உள்ள தட்டையான கடலடி. 10 முதல் 50 மீட்டர் ஆழத்தில் அதிகம் கிடைக்கும், அதாவது ஐந்தரைப் பாகத்திலிருந்து இருபத்தேழு பாகம் வரை. பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இருட்டியதும் எழுந்து இரை தேடும். முக்குளிப்பவர் பகலில் பார் ஓரத்தில் எத்தனை நாள் தேடினாலும் பார்க்க முடியாது. மணலில் அதன் மேலேயே நீந்திப் போனாலும் தெரியாது.

இப்போதைக்கு 10 செ.மீ. மணல் போடுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை 6.50

அது புதையும் விதத்தைச் சொன்னால் மணல் ஏன் வேண்டும் என்பது புரியும். முதலில் வாலை அடியில் மடித்து மணலை வாரும். உடம்பு பின்பக்கமாக, கொஞ்சம் சாய்ந்து உள்ளே இறங்கும். பின் விளிம்பு மறைந்ததும் இரண்டு மூன்று முறை உடம்பைக் குலுக்கும், மேலே மணல் வந்து படியும். கடைசியில் வெளியே தெரிவது இரண்டு கண்ணும், நடுவில் துடிக்கும் இரண்டு குட்டி உணர்கொம்பும்தான். அந்தக் குட்டிக் கொம்புகள் நிற்காமல் தட்டித் தட்டி நீரின் வாடையைப் பிடிக்கும்.

தீனஸின் கண்கள் தலை ஓட்டின் இரண்டு முன் மூலைகளிலும், ஓட்டின் கடைசி விளிம்பில் இருக்கும். சப்பைச் சிங்கிக் குடும்பத்தின் மற்ற வகைகளுக்குக் கண் உள்ளே தள்ளியிருக்கும். புதைந்து கிடக்கும் விலங்குக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: உடம்பு மண்ணில் இருக்க, இரண்டு பக்கமும் காவல்.

குகைக்குள் போகாததற்கும் இதே காரணம். அதன் மறைவிடம் அதன் முதுகின் மேல் இருக்கும் மணல். அது கிடைக்காதபோது விளிம்பு தேடி மூலையில் முட்டும். அப்படியே விட்டால் உணர்கொம்புத் தகட்டின் ஓரம் தேய்ந்து வெள்ளையாகி, அங்கிருந்து அழுகல் தொடங்கும்.

பிப்ரவரி 10, மதியம் 1.30

ஒரு திருத்தம். நேற்று 10 செ.மீ. மணல் என்றேன். உங்கள் தொட்டிக் கணக்கில் அது 60 லிட்டர் மணல், உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 95 கிலோ. நிறுத்துமிடம் அதைத் தாங்காமல் போகலாம். விலங்கின் தடிமன் மூன்று நான்கு செ.மீ.தான். 7 அல்லது 8 செ.மீ. போதும், அது 75 கிலோ சுமாருக்கு வரும்.

மணல் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை, உருண்டை மணியாக இருக்கட்டும். உடைத்த பவளத்தூள் வேண்டாம். முனை கூர்மையாக இருந்து வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோலைக் கீறும், பெண்ணாக இருந்து சினை பிடித்திருந்தால் முட்டையையும் உதிர்க்கும். மாவு போன்ற நுண்மணலும் வேண்டாம். கடலில் நீரோட்டம் கலங்கலைக் கொண்டுபோய்விடும், தொட்டியில் அது சுற்றிச் சுற்றிச் செவுளிலேயே படியும். கழுவும்போது கடைசி வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் தெரிய வேண்டும், அதுவரை கழுவுங்கள்.

மணலுக்கு அடியில் வைக்கும் தகட்டு வடிகட்டியைத் தவிர்க்கவும். இவை தோண்டித் தோண்டித் தகட்டை வெளியே கொண்டுவந்துவிடும், நீர் அந்த ஓட்டை வழியாக மட்டும் ஓடும், மற்ற மணல் செத்துப்போகும். வெளியே தொங்கும் வடிகட்டியோ தனிப் பெட்டி வடிகட்டியோ நல்லது. மேல் இரண்டு செ.மீ. மணலை வாரம் ஒருமுறை விரலால் கிளறினால் போதும். கீழே கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதை ஒரே நாளில் கிளறாதீர்கள். வரும் வாயு விஷம். விலங்கை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு எடுங்கள்.

பிப்ரவரி 12, இரவு 8.05

தொட்டி நீர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்: உப்பு ஆயிரத்துக்கு 33 முதல் 35, வெப்பம் 26 முதல் 29 பாகை, கார அமில அளவு (pH) 8.0 முதல் 8.3. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தெரியவே கூடாது. புதுத் தண்ணீருக்குப் பழக்கும்போது சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

மீனுக்குப் போடும் தாமிர மருந்து இந்தத் தொட்டிக்குள் வரவே கூடாது. மீனைக் காப்பாற்றும் அளவே ஓடுள்ள எந்த உயிரையும் கொல்லும். முன்பு மருந்து போட்ட தொட்டியின் மணலையும் கல்லையும்கூட எடுத்துவந்து போடாதீர்கள், தாமிரம் அதில் ஒட்டியிருந்து மெதுவாகக் கசியும்.

இரை: மட்டிச் சதை. உடல் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5, அதாவது 150 கிராம் விலங்குக்கு நாலரை முதல் ஏழரை கிராம். விளக்கை அணைத்த பிறகு போடுங்கள், காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். முடிந்தால் வாரத்தில் ஒருநாள் மட்டியை ஓட்டோடு உயிரோடு கொடுங்கள். கொடுக்கு இல்லாத விலங்கு மட்டியைத் திறக்கும் விதம் தனி. முன்கால்களின் கூரிய நுனியால் மட்டியை அணைத்துப் பிடித்து, ஓட்டின் விளிம்பில் நுனியை நுழைத்து நெம்பும். ஓட்டை நொறுக்குவதில்லை. காலையில் முழுசாக, சுத்தமாக வழித்த ஓடு மணல் மேல் கிடக்கும்.

பிப்ரவரி 15, இரவு 10.20

படம் அனுப்பியவருக்கு: அது தீனஸ் இல்லை. விளிம்பு ரம்பம் போல வெட்டுப்பட்டு, உடம்பு அகன்று, கண்கள் நடுப்பக்கமாக நெருங்கியிருக்கின்றன பாருங்கள். பவளப்பாரில் எடுத்தேன் என்றும் சொல்கிறீர்கள். பாரிபேக்கஸ் அன்டார்க்டிகஸ் ஆகத்தான் இருக்க வேண்டும். அது பவளப்பார் இடுக்கில் வாழும் வகை. அதற்குக் குகை கொடுக்கலாம், தீனஸுக்குக் கூடாது. ஒரே குடும்பத்துக்குள் பாரை நம்பி வாழ்வதும் உண்டு, மணலை நம்பி வாழ்வதும் உண்டு. சப்பையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

பிப்ரவரி 16, காலை 7.10

முதல் பதிவில் எழுதிய அறிவியல் பெயரை ஒரு நண்பர் கேள்வி கேட்டிருக்கிறார். கேட்டது சரி, திருத்திக்கொள்கிறேன்.

1793-இல் லுண்ட் பெயரிட்ட தீனஸ் ஓரியென்டாலிஸ் ஒன்றுதான் இந்தப் பேரினத்தில் உண்டு என்று நீண்ட காலம் நம்பினார்கள். இந்தியக் கடலில் பிடித்ததெல்லாம் அந்தப் பெயரிலேயே பதிவானது. 2007-இல் ஆய்வாளர்கள் பர்ட்டனும் டேவியும் பேரினத்தை முழுதாக ஆராய்ந்து ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள்: ஓரியென்டாலிஸ், இண்டிகஸ், யூனிமாகுலேட்டஸ், ஆஸ்திரேலியென்சிஸ், பாரிண்டிகஸ். பின்னர் மரபணு வழியாகப் பார்த்தபோது, நம் கரையில் ஓரியென்டாலிஸ் என்று எழுதிவந்தது யூனிமாகுலேட்டஸ் என்று தெரிந்தது. ஆகவே நாம் பேசுவது தீனஸ் யூனிமாகுலேட்டஸ். நம் கரை பற்றிய பழைய அறிக்கை எதைப் படித்தாலும் ஓரியென்டாலிஸ் என்ற இடத்தில் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெயரின் பொருள் 'ஒற்றைக் கறை'. அடையாளமும் அதுதான். விலங்கை மல்லாத்தி இரண்டாவது, மூன்றாவது காலைப் பிரித்துப் பாருங்கள். காலின் நீளக் கணுவில், உட்புறப் பள்ளத்தைச் சுற்றி ஊதாவும் கறுப்புமாக ஒரு பெரிய கறை இருக்கும். சிறு சிறு புள்ளிகளாக இருந்தால் வேறு இனம். ஒரு காலை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஜோடியிலும் நான்கு காலையும் பாருங்கள், ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் விலங்குகளும் உண்டு.

மல்லாத்திய கையோடு ஆணா பெண்ணா என்றும் பார்த்துவிடலாம். இனப்பெருக்கத் துளை மூன்றாம் காலின் அடியில் இருந்தால் பெண், ஐந்தாம் காலின் அடியில் இருந்தால் ஆண்.

பிப்ரவரி 18, இரவு 9.00

'ஒன்று அன்றிரவே புதைந்துவிட்டது, மற்றொன்று இன்னும் சுற்றுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றுவதன் கால் நுனிகளைப் பாருங்கள். மடியில் பல நூறு கிலோ மீனுக்கு அடியில் நசுங்கி வந்த விலங்கு அது. நுனி முறிந்திருந்தால் மணலைப் பிடித்து இறங்க முடியாது. அடுத்தடுத்து ஓடு உரிக்கும்போது நுனி வளரும். குட்டி உணர்கொம்பு அறுந்திருந்தால் இரையை முகர முடியாது, அதற்கு மட்டிச் சதையை வாய்க்கு அருகிலேயே வைக்க வேண்டும்.

காலெல்லாம் சரியாக இருந்து, இரையும் எடுக்காமல், ஓடு மங்கியிருந்தால் உரிக்கப் போகிறது என்று பொருள். தொடாதீர்கள்.

மார்ச் 2, இரவு 10.45

மணலிலேயே ஏன் வாழ வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு விவரம் இதற்கு நல்ல பதில். அங்கே ஒரே கரையில் இரண்டு தீனஸ் உண்டு. ஒன்று 10 முதல் 30 மீட்டர் வரை உள்ள நுண்சேற்றில் வாழ்கிறது, மற்றொன்று அதற்கு வெளியே 30 முதல் 60 மீட்டர் வரை உள்ள பருமணலில். பக்கத்துப் பக்கத்து வீடு போல இருந்தும் கடலடியின் மணி அளவைப் பார்த்தே இடம் பிரித்துக்கொள்கின்றன. கடலடி என்பது இவற்றுக்கு வெறும் தரை இல்லை. தீனஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர் ஆழம் மட்டும் பார்த்தால் போதாது, நங்கூரத்தில் ஒட்டி வரும் மண் என்ன மண் என்றும் பார்க்க வேண்டும்.

இரவில் இவை நடப்பதோடு நிற்பதில்லை, நீந்தவும் செய்யும். வாலை மடக்கி அடித்துப் பின்புறமாகப் பாயும், தட்டை உடம்பு இறக்கை போல நீரில் மிதந்து சறுக்கும். மூடி இல்லாத தொட்டி கூடாது என்பதற்கு இதுவே காரணம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இன்றே வலையாவது போட்டு மூடுங்கள்.

மார்ச் 3, காலை 6.30

மூடிவிட்டீர்கள் என்று பார்த்தேன். நல்லது.

மார்ச் 11, இரவு 8.30

குஞ்சு எவ்வளவு காலம் கடலில் மிதக்கும் என்று ஒருவர் தனியாகக் கேட்டதற்கு 'மாதக் கணக்கில் மிதக்கும்' என்று எழுதிவிட்டேன். அது முள்ளுச் சிங்கியின் கதை. அவற்றின் குஞ்சு பல மாதம் நடுக்கடலில் அலையும். தீனஸின் குஞ்சு ஏறக்குறைய நான்கே வாரத்தில் அந்தப் பருவத்தைக் கடந்துவிடுகிறது. இந்தத் தவறு சின்னதில்லை, ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

பெண் வயிற்றுக்கு அடியில் முட்டையைச் சுமக்கிறது. முட்டை ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிப் பழுப்பாகும், பொரியும் நாள் நெருங்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கருங்கண் தெரியும். முள்ளுச் சிங்கி முட்டையைவிட இது பெரியது, ஒரு மி.மீ. சுமார், எண்ணிக்கையில் குறைவு. வெளிவரும் ஃபில்லோசோமா என்ற மிதக்கும் குஞ்சு கண்ணாடித் தாளில் வெட்டிய சிலந்தி மாதிரி இருக்கும், எதிர்ப்புறம் தெரியும். நான்கு கட்டம் கடந்து நிஸ்டோ என்ற அடுத்த பருவம் ஆகும். நிஸ்டோ இரை எடுப்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பிலேயே சில நாள் ஓட்டி, கடலடியில் இறங்கிக் குட்டிச் சிங்கியாக உரித்துக்கொள்கிறது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் களக்கூடத்தில் இந்தப் பருவம் முழுவதையும் தொட்டியிலேயே வளர்த்தெடுத்திருக்கிறார்கள். இரையில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரை மட்டும் கொடுத்தால் முதல் கட்டங்கள் தாண்டும், பிறகு உரிக்க முடியாமல் சாகும். குழைவான சதை வேண்டும்: சீப்புச் சொறி (சொறிமீன் போன்ற கூழ் உடம்பு உயிர்), நறுக்கிய மட்டி. கடலிலும் சப்பைச் சிங்கிக் குஞ்சுகள் சொறியின் மேல் தொற்றிக்கொண்டு பயணம் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த சிக்கல் கால் சிக்குவது. குஞ்சுகளை நெருக்கமாக விட்டாலோ காற்றுக்குமிழ் வேகமாக வந்தாலோ நீண்ட கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரித்தால் முறியும். நீர் மெதுவாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான்.

வளர்ந்த பிறகு ஒரு நல்ல குணம் உண்டு: ஒன்றையொன்று தின்பது குறைவு. வளர்ப்புக்கு இதை விரும்புவதற்கு இதுவும் குறைந்த குஞ்சுக்காலமும் காரணம்.

மார்ச் 12, மதியம் 12.20

நேற்றைய பதிவைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. நான்கு வாரக் குஞ்சு வெகுதூரம் போகாது. அப்படியானால் ஒரு கரையில் தாயைத் தீர்த்துவிட்டால் வேறு கரையிலிருந்து குஞ்சு வந்து நிரப்பும் என்று நம்ப முடியாது. மும்பைக் கடலில் நடந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1980-களில் அங்கே இழுவை வலையில் நூற்றுக்கணக்கான டன் சப்பைச் சிங்கி ஏறியது. 1990-களின் நடுவில் அந்த மீன்பிடிப்பே இல்லாமல் போனது. சினையோடு கூட்டமாகக் கிடந்தவற்றை மணலோடு வாரியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மணலில் புதைவது மீனிடமிருந்தும் திருக்கையிடமிருந்தும் காக்கும். தரையை உரசிக்கொண்டு வரும் அடிக்கயிற்றிடமிருந்து காக்காது. பாறைச் சிங்கிக்குப் பாறையே அரண், வலை அங்கே கிழியும். மணல் சிங்கிக்கு அந்த அரணும் இல்லை.

ஏப்ரல் 16, காலை 8.00

நேற்று முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாள். இனி உயிர் விலங்கு கிடைக்காது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் இருப்பவர் ஒருவர், சினைச் சிங்கி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உடனே கடலில் விடுங்கள், தரம் பிரிக்கும் வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெயில் தளத்தில் முட்டை காய்ந்துவிட்டால் தாய் பிழைத்தும் பயன் இல்லை. உடனே முடியாவிட்டால் ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, மடி கொட்டி முடித்த அடுத்த நிமிடம் விட்டுவிடலாம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், உதறும்போது முட்டை கொட்டும். தலை ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள்.

மடியின் கண் சதுரமாக இருந்தால் சிறியவை தாமாகவே தப்பும். சாய்சதுரக் கண் இழுக்கும்போது மூடிக்கொள்ளும். சதுரக் கண் பாரம் ஏறினாலும் திறந்தே நிற்கும். சப்பை உடம்பு கிடைமட்டமாக வந்தால் அதிலும் சிக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் மூடிய கண்ணைவிட மேல்.

எடை பற்றி: 2003 முதல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்சம் 150 கிராம். அந்த ஆணையில் ஓரியென்டாலிஸ் என்ற பழைய பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். இது ஏற்றுமதிக்கான வரம்பு. 100 கிராம் குட்டி உள்ளூரில் விலைபோவதை அது தடுக்காது, அதுதான் எனக்கு வருத்தம்.

ஜூன் 3, இரவு 9.50

'ஒன்று செத்துவிட்டது, மணல் மேல் அசையாமல் கிடக்கிறது' என்ற பதிவைப் பார்த்ததும் எழுதுகிறேன். தூக்கி எறியாதீர்கள். கண்ணுக்குள் நிறம் இருக்கிறதா, வெறும் கண்ணாடிக் குமிழா? தலை ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவில் பிளவு இருக்கிறதா? கையில் எடுத்தால் காகிதம் போல எடையே இல்லையா?

ஜூன் 3, இரவு 10.30

கண் வெறும் குமிழ், பிளவு உண்டு, எடையே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது கழற்றிய ஓடு. விலங்கு உள்ளே மணலில் மெத்தென்று கிடக்கிறது. மூன்று நாள் தொட்டிக்குள் கை விடாதீர்கள், மணலைக் கிளறாதீர்கள், இரையை அடுத்ததற்கு மட்டும் ஓரமாகப் போடுங்கள். மீன் ஏதாவது உள்ளே இருந்தால் இன்றிரவே எடுத்துவிடுங்கள். மெத்தென்ற விலங்கை மீன் கொத்தும்.

ஜூன் 17, இரவு 8.15

நுனி முறிந்த கால் திரும்ப வந்திருக்கிறது, இப்போது அதுவும் புதைகிறது என்று படித்து மகிழ்ந்தேன். கழற்றிய ஓட்டை நிழலில் காயவையுங்கள். தலை ஓட்டை, இரு கண்ணுக்கும் நடுவில் உள்ள முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை, நடுக்கோட்டில் அளவுகோலால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். இப்போது ஓடு இறுகியிருக்கும், விலங்கையும் அதே இடத்தில் ஒருமுறை அளக்கலாம். வித்தியாசம்தான் ஒரு உரிப்பில் அது வளர்ந்த அளவு. ஓடு முழுக்கக் கழன்றுவிடுவதால் வயது காட்டும் கோடு எதுவும் ஓட்டில் மிஞ்சாது. ஆகவே இந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து.